பதின்பருவப் பிள்ளையின் தட்டும் கால்களும்: எது இழுக்கிறது, எதை எப்படி மாற்றுவது

மாலை நாலேகாலுக்குப் பிள்ளை பள்ளியிலிருந்து வருகிறான். பை ஒரு மூலைக்குப் போகிறது. செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபிரிட்ஜ் கதவு திறந்தாகிவிட்டது. கண் மட்டத்தில் எது இருக்கிறதோ அது கைக்கு வரும், கையிலிருந்து நேராக வாய்க்குப் போகும். அந்த நிமிடத்தில் 'எது உடம்புக்கு நல்லது' என்ற யோசனைக்கு அவனிடம் இடமே இல்லை. தெரியாமல் ஒன்றும் இல்லை. பரீட்சையில் கேட்டால் பத்துக்குப் பத்து எழுதுவான்.

இந்த வயதுப் பிள்ளைகளின் சாப்பாட்டையும் விளையாட்டையும் சரிசெய்யக் கிளம்பும் பெரியவர்கள் சறுக்குவது இங்கேதான். விஷயம் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறார்கள், ஒரு மாதம் கழித்து 'எத்தனை தடவை சொல்வது' என்று அலுத்துக்கொள்கிறார்கள். தெரிந்ததைச் செய்யவிடாமல் இழுப்பவை வேறு. பசி எந்த நேரத்தில் வருகிறது, அப்போது கைக்கு என்ன எட்டுகிறது, முந்தைய இரவு எவ்வளவு தூக்கம், பக்கத்தில் எந்த நண்பன், ஃபோனில் என்ன ஓடுகிறது, தன் உடம்பைப் பற்றி என்ன கூச்சம் என்று பட்டியல் நீளும். எல்லாம் எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. உங்கள் பிள்ளையை எது அதிகம் இழுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் முதலில் நகர்த்த வேண்டும்.

முதல் வாரம்: கண்ணால் பார்ப்பது மட்டும்

எதையும் மாற்றாமல் 7 நாள் குறிப்பெடுங்கள். சனி, ஞாயிறு இரண்டும் அதில் வர வேண்டும். வார நாளும் விடுமுறை நாளும் இரண்டு வேறு பிள்ளைகளுடையவை போல இருக்கும். ஒரு தாளில் ஐந்து கட்டம் போதும்: மணி, என்ன சாப்பிட்டது, எங்கே, யாருடன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. இந்த ஐந்தாவது கட்டத்தில்தான் விடை இருக்கும். 'டியூஷன் முடிந்து காத்திருந்தபோது', 'அப்பாவோடு சண்டைக்குப் பிறகு', 'வீடியோ பார்க்கும்போது' என்று எழுதினால், நாலாம் நாளே ஒரு வரிசை தெரிய ஆரம்பிக்கும். தாளின் அடியில் தூங்கப் போன நேரம், எழுந்த நேரம், மூச்சு வாங்கும்படி உடம்பு அசைந்த நிமிடங்கள் மூன்றையும் குறியுங்கள்.

கலோரி எழுத வேண்டாம், எடையும் பார்க்க வேண்டாம். இந்த வயதில் எண்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பிறகு விடுவிப்பது கஷ்டம்.

ஒளிந்திருந்தும் எழுத வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்தால் நம்பிக்கை போகும். நேராகச் சொல்லிவிடுங்கள்: 'மாலையில் உனக்குப் பசி எப்போது வருகிறது என்று பார்க்கிறோம், வீட்டில் வாங்கும் சாமானை அதற்கேற்ப மாற்றப் போகிறோம்.' 15 வயதுக்கு மேல் என்றால் அவர்களையே எழுதச் சொல்லலாம். முதல் இரண்டு நாள் கொஞ்சம் நாடகமாக இருக்கும், திடீரென்று பழம் சாப்பிடுவார்கள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து உண்மை வரும்.

வாரம் முடிந்ததும் தேட வேண்டியவை சில. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு, அதன்பின் ஒரே மூச்சில் நிறையச் சாப்பாடு என்று வந்தால் அது நேரப் பிரச்சினை. எப்போதும் திரை முன்னால்தான் கொறிப்பது என்றால் அது இடப் பிரச்சினை. வார நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எழும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், சாப்பாட்டைத் தொடுவதற்கு முன் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரே நண்பர் கூட்டம், ஒரே கடை என்று திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு வேறு வழி, கீழே வருகிறது.

வளர்ச்சி கேட்கும் பசி

'எந்நேரமும் சாப்பிடுகிறான்' என்ற புகாரில் பாதி, வளர்ச்சி. உயரம் வேகமாகக் கூடும் காலம் பெண்களுக்குச் சுமார் 12 வயதிலும், ஆண்களுக்குச் சுமார் 14 வயதிலும் உச்சத்தைத் தொடும். அந்த உச்ச ஆண்டில் 8 முதல் 10 செ.மீ. வரை வளர்வது சாதாரணம். உயரம் துள்ளும் அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும், பெரியவராகும்போது எலும்பில் இருக்கப்போகும் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது. இந்த நேரத்தில் வருவது பேராசை என்று நினைத்துத் தட்டைக் குறைத்தால், பிள்ளை வெளியில் போய் நிரப்பிக்கொள்ளும்.

பெண் பிள்ளைகளுக்குப் பருவமடையும் சமயத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது உடல் திட்டமிட்டுச் செய்யும் வேலை. அதைப் பார்த்து 'குண்டாகிறாய்' என்று சொல்லும் ஒரு வாக்கியம் பல ஆண்டுகள் தங்கும். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண்ணுக்குப் பெரியவர்கள் பார்க்கும் அட்டவணையை இந்த வயதுக்குப் பொருத்தக் கூடாது. வயதும் பாலினமும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி வரைபடம் குழந்தை மருத்துவரிடம் இருக்கும். அதில் ஒரு புள்ளியைவிடக் கோடு எப்படிப் போகிறது என்பதே செய்தி.

சத்துகளில் இரண்டை மட்டும் மனதில் வையுங்கள், மற்றவை பெரும்பாலும் அவற்றின் பின்னால் வந்துவிடும். ஒன்று இரும்பு: மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்குக் கூடுதலாக வேண்டும். அமெரிக்கக் கணக்கில் 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 15 மி.கி., அதே வயது ஆணுக்கு 11 மி.கி. பருப்பு, கீரை, முட்டை, இறைச்சி இவற்றோடு வைட்டமின் சி உள்ள பழத்தையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்த்தால் தாவர இரும்பு நன்றாக ஏறும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறைவாகவே ஏறும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். இன்னொன்று கால்சியம்: 9 முதல் 18 வயது வரை அதே கணக்கில் 1,300 மி.கி. ஒரு பெரிய டம்ளர் பால், அதாவது 250 மி.லி., சுமார் 300 மி.கி. தரும். மீதியைத் தயிர், கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறு மீன் என்று பல இடத்திலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

வீட்டில் மாற்றுவது: கைக்கு எட்டும் தூரம்

இங்கே பேச்சைவிட அலமாரி அதிகம் வேலை செய்யும். முதலில் ஃபிரிட்ஜின் கண் மட்டத் தட்டைக் காலி செய்யுங்கள். அங்கே மூடி திறந்தவுடன் வாயில் போடக்கூடியவை மட்டும் இருக்கட்டும்: நறுக்கிய பழம், வேகவைத்து உரித்த முட்டை, தயிர், வேகவைத்த கடலை. 'நறுக்கிய', 'உரித்த' என்ற சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். முழு அன்னாசியை வாங்கி வைத்துவிட்டு 'பழம் இருக்கிறதே' என்று சொல்வது பசித்து வந்தவனிடம் எடுபடாது. பக்கத்திலேயே பாக்கெட் இருந்தால் பாக்கெட் ஜெயிக்கும், ஏனென்றால் அதைக் கிழிக்க இரண்டு விநாடி போதும்.

பாக்கெட் தின்பண்டங்களை வீட்டை விட்டே துரத்த வேண்டியதில்லை. முழுத் தடை போட்டால் ஆசை ஏறும், ஒளித்துத் தின்பது தொடங்கும், வெளியில் கிடைக்கும்போது அளவு போகும். வாங்கும் அளவைக் குறையுங்கள், மேல் அலமாரியில் வையுங்கள், சாப்பிடும்போது பாக்கெட்டோடு உட்காராமல் கிண்ணத்தில் கொட்டிச் சாப்பிடும் வழக்கத்தை வீட்டுக்கே பொதுவாக்குங்கள். அம்மா அப்பாவும் கிண்ணத்தில்தான். இங்கே விலக்கு கேட்கிற அப்பாக்கள் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

பாக்கெட்டின் இழுப்பு வெறும் ருசியில் மட்டும் இல்லை. 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு ஆய்வு நிலையத்தில் 20 பெரியவர்களைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் வேண்டிய மட்டும் சாப்பிடக் கொடுத்தார்கள். முன்வைத்த சாப்பாட்டில் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் இரண்டிலும் பொருந்தும்படி பார்த்துக்கொண்டும், முதல் வகையில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட வேகமும் கூடியிருந்தது. அது பெரியவர்களின் கணக்குதான் என்றாலும், மென்மையாக, வேகமாக உள்ளே போகும் உணவில் 'போதும்' என்ற செய்தி பின்தங்கிவிடுகிறது என்பதை எந்தச் சமையலறையிலும் பார்க்கலாம்.

யார் எதை முடிவு செய்வது என்பதையும் ஒருமுறை பிரித்துக்கொள்ளுங்கள். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர் பொறுப்பு. அதில் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது பிள்ளை பொறுப்பு. வயது ஏற ஏற முதல் பகுதியிலும் பங்கு கொடுங்கள்: வாரத்தில் ஒரு இரவுச் சாப்பாட்டை அவர்களே தீர்மானித்து, சாமான் எழுதி, சமைக்கட்டும். 13 வயதில் முட்டை வேகவைக்க, பருப்பு வைக்க, காய் நறுக்கத் தெரிந்தால், தனியாக இருக்கும் மாலையில் பாக்கெட்டைத் தவிர இன்னொரு வழி இருக்கும்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வேளை வாரத்தில் சில நாளாவது வேண்டும். இரவுதான் என்றில்லை, காலை 10 நிமிடமும் கணக்கில் வரும். ஃபோன் மேசையில் இருக்கக் கூடாது, உங்களுடையதும் சேர்த்து. மதிப்பெண் விசாரணையை அந்த நேரத்தில் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு மாதத்தில் பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடும், அப்புறம் 'குடும்பமாகச் சாப்பிடுவதே இல்லை' என்று வருந்துவீர்கள்.

எடைப் பேச்சை நிறுத்துங்கள். பிள்ளையைப் பற்றியதை மட்டும் நிறுத்தினால் போதாது. கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றைத் திட்டிக்கொள்வதையும் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1990களின் கடைசியிலிருந்து பதின்பருவத்தினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவருகிறது. அதில், எடையைக் குறைக்க டயட்டில் இறங்கிய பிள்ளைகள் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது மற்றவர்களைவிட அதிகம் எடை கூடியிருந்தார்கள். வரம்பின்றிச் சாப்பிடும் பழக்கமும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. கேலியும் கணக்குப் பார்ப்பதும் எதிர்த் திசையில் தள்ளுகின்றன.

பாட்டிலைக் கணக்குப் போடுவது

இனிப்புப் பானம் பற்றி எத்தனை முறை சொன்னாலும் ஏறாத பிள்ளைக்கு, இந்த ஒரு வேலையைச் செய்து பார்க்கச் சொல்லலாம். 500 மி.லி. பாட்டிலை எடுத்துப் பின்புறச் சீட்டைப் படிக்கட்டும். '100 மி.லி.க்குச் சர்க்கரை 10.6 கிராம்' என்று இருந்தால் ஐந்தால் பெருக்கினால் 53 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம், ஆக 13 டீஸ்பூன். அந்த 13 டீஸ்பூனை ஒரு காலி டம்ளரில் எண்ணிப் போடட்டும். போட்டு முடித்த பிறகு நீங்கள் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. கஷ்டம்தான், ஆனால் பேசினால் அது பாடமாகிவிடும்.

கவனிக்க வேண்டிய தந்திரம் ஒன்று உண்டு. சில சீட்டுகளில் 'ஒரு பரிமாறலுக்கு' என்று சிறிய எண் போட்டிருக்கும், அந்தப் பரிமாறல் 200 மி.லி.யாக இருக்கும். பாட்டிலை யாரும் 200 மி.லி.யோடு மூடிவைப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் சொன்னபடி, சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றிலிருந்து வருவதும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 விழுக்காடு 25 கிராம். ஒரு பாட்டிலிலேயே இரண்டு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது.

தூக்கம், ஃபோன், விளம்பரம்

பருவமடையும்போது உடலின் உள்கடிகாரம் பின்னால் நகர்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குவதால், பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் உண்மையாகவே தூக்கம் வராது. ஆனால் பள்ளி காலையில் நகராது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், நடுவில் அகப்பட்டு அது ஆறு, ஆறரை ஆகிறது. தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும், குறிப்பாக இனிப்பும் கொழுப்பும் இழுக்கும், ஓட மனம் வராது. காலையில் பசியே இல்லாமல் கிளம்பி, மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டு, இரவு பதினொன்றுக்குத் தின்பண்டம் தேடுவது இதன் தொடர்ச்சி. இந்தப் பிள்ளைக்குக் காலை உணவைத் திணிப்பது பயன் தராது, முந்தைய இரவைச் சரிசெய்ய வேண்டும்.

எல்லோருடைய ஃபோனும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் கிடக்கட்டும், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள். 'அலாரம் அதில்தான் இருக்கிறது' என்ற வாதம் அதோடு தீரும். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக ஒரு மணி நேரம் இழுக்காமல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். எழுந்தவுடன் வெளிச்சத்தில் 15 நிமிடம் நிற்பது கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மதியம் வரை இழுத்தால் திங்கட்கிழமை பழைய நிலைக்கே வந்துவிடும்.

காஃபினை மாலைக்குப் பின் நிறுத்த வேண்டும். உடம்பில் நுழைந்ததில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இந்த வயதுக்கு நாளுக்கு 100 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. எனர்ஜி டிரிங்க் ஒரு சின்ன டின், 250 மி.லி., ஏறக்குறைய 80 மி.கி. கொண்டிருக்கும். அது இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011இலேயே சொல்லிவிட்டது.

விளம்பரத்தின் பக்கம் வந்தால், 'பார்க்காதே' என்பது நடக்கிற காரியமில்லை. அது இப்போது விளம்பரம் போலவே வருவதில்லை. பிடித்த கேம் வீரர் கையில் ஒரு பானம், சமையல் வீடியோவில் ஒரு பெயர், 'ஒரு நாளில் நான் சாப்பிடுவது' என்று ஒரு ஒல்லியான உடம்பு. இங்கே வேலை செய்வது இந்த வயதின் குணத்தையே பயன்படுத்துவது. பதின்பருவத்துக்கு ஆரோக்கியத்தைவிடச் சுதந்திரமும் நியாயமும் பெரிது. டெக்சாஸில் 8ஆம் வகுப்பு மாணவர்களிடம் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சத்துணவுப் பாடம். இன்னொரு பிரிவுக்கு, உணவு நிறுவனங்கள் அதிகம் தின்னவைக்கச் செய்யும் சூழ்ச்சிகள், சிறு குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்கள் பற்றிய கட்டுரை. மறுநாள் வேறு ஒரு சாக்கில் தின்பண்டம் தேர்வு செய்யச் சொன்னபோது, இரண்டாம் பிரிவினர் சர்க்கரைப் பண்டங்களைக் குறைவாக எடுத்தார்கள். தொடர்ந்து வந்த 2019 ஆய்வில், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பையன்களிடம் அந்த மாற்றம் மூன்று மாதம் நின்றது.

வீட்டில் இதைச் செய்வது எளிது. பிடித்த ஒரு வீடியோவை உடன் உட்கார்ந்து பார்த்து, 'இதில் யாருக்குக் காசு போகிறது, எந்த நொடியில் பொருள் திரையில் வருகிறது' என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தபின் 'பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முழு வேலையும் வீண்.

நண்பர்களும் பள்ளியும்

நண்பர் கூட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிடுவோம், பெரியவர்களும்தான். பிள்ளைக்கு அதில் இன்னொரு சுமை உண்டு: வேறு மாதிரி சாப்பிட்டால் தனியாகத் தெரிந்துவிடும். அதனால் கூட்டத்தோடு போகும்போது எதைத் தின்னக் கூடாது என்று சட்டம் போடுவதைவிட, பசியோடு போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பள்ளி விடும் நேரத்துக்கும் டியூஷனுக்கும் நடுவில் கடைக்குப் போகிறார்கள் என்றால், பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் ஒரு பழமும் இருந்தால் கடையில் பாதியோடு நிற்பார்கள். டப்பா அசிங்கமாக இருந்தால் திறக்கவே மாட்டார்கள். டப்பாவைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலை.

பள்ளியில் கேட்க வேண்டியவை மூன்று. குடிநீர் எளிதாகக் கிடைக்கிறதா? மதிய உணவுக்கு உண்மையில் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது, வரிசையில் நிற்பதைக் கழித்து? விளையாட்டுப் பீரியடைப் பரீட்சைக் காலத்தில் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுகிறார்களா? தனியாகக் கேட்டால் பதில் வராது. நாலு பெற்றோர் சேர்ந்து, ஒரே ஒரு கோரிக்கையோடு போனால் நடக்கும். சிலி நாடு 2016இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருள்களின் மேல் கறுப்பு எண்கோண முத்திரை குத்த வைத்து, அவற்றைப் பள்ளிகளுக்குள் விற்பதையும் தடுத்தது. வீட்டுக்குள் தினமும் நடக்கும் சண்டையில் ஒரு பகுதி சட்டத்தால் தீரக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

உடம்பு அசைவது

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம், மூச்சு கொஞ்சமாவது வாங்கும்படி. வாரத்தில் 3 நாளாவது அதில் வேகமான அசைவும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுவதும் இருக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 2016 நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 விழுக்காடு இதை எட்டவில்லை, பெண்களில் 85. உங்கள் பிள்ளை தனிச் சோம்பேறி இல்லை.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்றால் நடுத்தர வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் மூச்சு வராவிட்டால் தீவிர வேகம். 60 நிமிடத்தை ஒரே துண்டாகத் தேட வேண்டாம்: பள்ளிக்கு வேகமாக நடந்து 15, திரும்ப 15, மாலையில் பந்தோ கயிறோ நடனமோ 30. படிக்கும்போது 40, 50 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்கினால் அது தனி லாபம்.

ஏன் நிறுத்தினார்கள் என்பதைக் கேட்காமல் ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். சிறு வயதில் ஓடியாடிய பிள்ளை 13இல் நிற்பதற்கு இரண்டு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கை கால் வேகமாக நீளும் மாதங்களில் உடல் தடுமாறும், நேற்று வரை நன்றாக அடித்த பந்து தவறும், மற்றவர்கள் சிரிப்பார்கள். இது சில மாதத்தில் சரியாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டார்கள். பையன்களில், ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை வந்திருக்கும், இன்னொருவன் குழந்தை போல இருப்பான். தாமதமாக வளர்பவனை அணியிலிருந்து கழித்துவிடுவார்கள். அவனுக்கு உடல் அளவு அதிகம் பொருட்டில்லாத நீச்சல், சைக்கிள், பாட்மின்டன், மலையேற்றம் போன்றவை ஏற்றவை.

பெண் பிள்ளைகளின் காரணங்கள் பெரும்பாலும் உடை, மாதவிடாய், பார்வைகள். விளையாட்டுக்கான இறுக்கமான உள்ளாடை சரியான அளவில் இருப்பது, கறை தெரியாத கருநிற உடை, பள்ளியில் பூட்டுள்ள கழிப்பறை ஆகிய மூன்றும் பல பெண்களை மீண்டும் மைதானத்துக்குக் கொண்டுவரும். மாதவிடாய் நாளில் விளையாடலாம், வலி குறையவும் செய்யலாம். வேண்டாம் என்றால் அன்று விட்டுவிடலாம். முடிவு அவளுடையது.

எடைப் பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடும் என்ற பயம் இன்னும் சுற்றுகிறது. சரியான முறையில், கண்காணிப்போடு செய்தால் வளர்ச்சி பாதிக்காது. தண்டால், உட்கார்ந்து எழுதல், தொங்கி ஏறுதல் என்று சொந்த உடல் எடையில் தொடங்கட்டும். ஒவ்வொன்றும் 8 முதல் 15 முறை, வாரத்தில் 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. செய்யும் முறை கெடாமல் 15 முறை வந்தபிறகே எடை கூட்டலாம். புரோட்டீன் பவுடர் வேண்டாம். முட்டை, பால், பருப்பு, மீன் அதைவிட மலிவாக அதே வேலையைச் செய்யும், டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்ற கவலையும் இல்லை.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. ஒரே விளையாட்டில் ஆண்டு முழுவதும் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு ஒரு எளிய வரம்பு: வாரத்துக்கான பயிற்சி மணிகள் வயதைத் தாண்டக் கூடாது. 13 வயது என்றால் 13 மணி நேரத்துக்குள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் மேடு தொட்டால் வலித்தால், குதிகால் வலித்தால், 'வளரும் வலி' என்று ஓட்டச் சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வெறும் சர்க்கரை சேர்ப்பது.

ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள், சாப்பிட்டதற்குப் பிராயச்சித்தமாகவும் ஆக்காதீர்கள். 'கேக் சாப்பிட்டாய், அரை மணி ஓடு' என்று ஒருமுறை சொன்னால் இரண்டும் சேர்ந்து கசக்கும்.

மாற்றத்தை ஆரம்பிப்பது

குறிப்புத் தாளில் இருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். மூன்றை எடுத்தால் பத்து நாளில் மூன்றும் போகும். எதை எடுப்பது என்பதைப் பிள்ளை தேர்வு செய்யட்டும், நீங்கள் இரண்டு மூன்று வழியை முன்வைத்தால் போதும். அதை 'இது நடந்தால் இது செய்வேன்' என்ற வடிவில் எழுதச் சொல்லுங்கள்: 'டியூஷன் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பசித்தால், பையிலிருக்கும் கடலையைச் சாப்பிடுவேன்.' 'ஆரோக்கியமாகச் சாப்பிடுவேன்' என்று எழுதினால் அது வீணாகும், எந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று அதில் இல்லை. நாலு வாரம் கொடுங்கள். இரண்டாம் வாரத்தில் நழுவும், அநேகமாகப் பரீட்சை வரும் அல்லது யாருக்காவது பிறந்தநாள் வரும். அப்போது பேச்சு வேண்டாம், மறுநாள் டப்பாவை நிரப்பி வையுங்கள். நாலாம் வாரம் முடிந்து மீண்டும் மூன்று நாள் குறிப்பெடுத்து, பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். ஐந்தாவது கட்டம் மாறியிருந்தால் அடுத்ததற்குப் போகலாம். மாறவில்லை என்றால் திட்டம் தவறான இடத்தைத் தொட்டிருக்கிறது. பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கட்டத்தைத் திரும்பப் படியுங்கள்.

வீட்டு முயற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் இவை: சாப்பிட்ட உடனே வழக்கமாகக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, எல்லோருக்கும் சமைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் இருப்பது, வகை வகையாக உணவுகளை ஒதுக்கிக்கொண்டே போவது, வெயிலிலும் தொளதொள உடையும் எப்போதும் குளிரும், காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விட முடியாமல் பதறுவது, மூன்று மாதம் மாதவிடாய் நிற்பது, மயக்கம், வளர வேண்டிய வயதில் எடை இறங்குவது. எடை சாதாரணமாகத் தெரிந்தாலும், பையனாக இருந்தாலும் இவை பொருந்தும். போகும்போது அந்தக் குறிப்புத் தாள்களையும் கொண்டு போங்கள். 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று நீங்கள் வாயால் சொல்வதைவிட, தேதியும் மணியும் போட்ட ஒரு வாரம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.